பாலஸ்தீன மணப்பெண் ஆடை: ஊர் அடையாளமும் சந்தையும்

பாலஸ்தீனக் கிராமப் பெண்கள் அணியும் தோப் என்னும் நீள அங்கியும், அதன்மேல் இடப்படும் தத்ரீஸ் என்னும் பூத்தையலும் கானானியர் காலந்தொட்டு மாறாமல் வந்த மரபாகப் பேசப்படுவதுண்டு. எஞ்சியுள்ள ஆடைகள் இக்கருத்துக்கு இடம் தரவில்லை. அருங்காட்சியகங்களில் உள்ள பழைய ஆடைகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டுக்கும் 1948க்கும் இடைப்பட்டவை. அந்தக் காலத்துக்குள்ளேயே துணி, நூல், கோலம் மூன்றும் மாறியுள்ளன.

ஊருக்கு ஊர் வேறுபாடு இருந்தது உண்மை. ரமல்லாவில் வெள்ளை லினன் துணிமேல் சிவப்புப் பட்டுநூலால் குறுக்குத் தையல் இட்டனர். கலிலேயாவில் 19ஆம் நூற்றாண்டில் முன்புறம் திறந்த மேலங்கி வழக்கில் இருந்தது. நெகேவ் பெதூயின் பெண்களிடையே மணமாகாதவருக்கு நீலமும் மணமானவருக்குச் சிவப்பும் உரியவையாக இருந்தன. ஆனால் இவ்வேறுபாடுகளை ஊர்களின் தனிமை உண்டாக்கியதாகக் கொள்வது பொருந்தாது.

மணப்பெண் ஆடையே இதற்குச் சிறந்த சான்று. பெத்லகேமின் ‘மலக்’ ஆடையில், தங்க, வெள்ளி இழைக் கயிற்றை வளைத்துக் கிடத்தி, மெல்லிய நூலால் பிடித்துத் தைப்பர். இவ்வேலைப்பாடு கொண்ட மார்புத்துண்டுகளைப் பெத்லகேம் பெண்கள் கூலிக்கும் விலைக்கும் தைத்துக் கொடுத்தனர். சுற்றூர்ப் பெண்கள் அவற்றை வாங்கித் தம் ஊர் ஆடையில் பொருத்திக்கொண்டனர். யாஃபா அருகிலுள்ள பைத் தஜனிலும் இத்தையல் பரவியது. அவ்வூர்ச் செழிப்புக்கு ஆரஞ்சுத் தோட்டங்களே காரணம் என்பதை நினைவிற்கொண்டால், அங்குள்ள ஆடைகளின் ஆடம்பரத்தில் வியப்பில்லை. பெத்லகேமில் மணமான பெண்ணின் ‘ஷத்வே’ என்னும் உயர்ந்த தலையணியில் நாணயங்கள் வரிசையாகத் தைக்கப்பட்டன. மணமகன் தரப்பு தரும் மஹர் பணம் இவ்வாறு கண்ணுக்குத் தெரியும் சொத்தாயிற்று. அது அவளுக்கே உரியது.

ஊர்கள் தனித்திருக்கவில்லை என்பதையே நூலின் கதையும் காட்டுகிறது. முன்பு சிரியப் பட்டுநூல் பயன்பட்டது. 1930களில் பிரான்சின் டிஎம்சி பருத்தி நூல் பரவியது. உடன்வந்த கோலப் புத்தகங்கள் வழியே ஐரோப்பியப் பாணிப் பூக்களும் பறவைகளும் நுழைந்தன. சைப்ரஸ் மரக் கோலத்துக்குப் பக்கத்திலேயே அவையும் தைக்கப்பட்டன. புதியதை ஏற்பதில் கிராமப் பெண்களுக்குத் தயக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. தயக்கமெல்லாம் பின்னாளில் சேகரிப்பாளர்களுக்கு வந்ததுதான்.

1948 போரில் 7,00,000க்கும் மேற்பட்ட பாலஸ்தீனர் இடம்பெயர்ந்தபோது, ஊரும் சந்தையும் சார்ந்த இவ்வமைப்பு உடைந்தது. துணி நெசவுக்குப் பேர்பெற்ற மஜ்தலின் நெசவாளர் பலர் காசாவுக்குச் சென்று தறியைத் தொடர்ந்தனர். அகதி முகாம்களில் பல ஊர்ப் பெண்கள் அருகருகே வாழ, கோலங்கள் கலந்தன. 1965இல் அல்-பீராவில் தொடங்கப்பட்ட இன்ஆஷ் அல்-உஸ்ரா போன்ற அமைப்புகள் தையலை வருவாயாக்கின. பாலஸ்தீனக் கொடிக்குத் தடை இருந்த நிலையில், 1980களின் இறுதியில் எழுந்த முதல் இன்திஃபாதா என்னும் மக்கள் எழுச்சியின்போது கொடியின் நிறங்களும் நாட்டின் வரைபடமும் அங்கியில் ஏறின. ஊரைச் சொன்ன ஆடை நாட்டைச் சொல்லத் தொடங்கியது இக்காலத்தில்தான். 2021இல் யுனெஸ்கோ மானுடகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் தத்ரீஸைச் சேர்த்தபோதும், அது பாலஸ்தீனத்தின் கலையாகவே பதிவாயிற்று.

ஆகவே 1948க்குப் பிந்தைய ஆடைக்கு இடப்படும் ஊர்ப்பெயர், பல நேரங்களில், அது தைக்கப்பட்ட இடத்தை அன்றி, தைத்தவளின் குடும்பம் விட்டுவந்த ஊரையே குறிக்கிறது. காட்சியகக் குறிப்புகளில் இவ்விரண்டையும் தனித்தனியே பதிய வேண்டும்.