மகள் வீடும் நோயாளர் விடுதியும்: அம்பாறைக் கரையோரத்தில் பண்பாடறிந்த முதியோர் பராமரிப்பின் வளர்ச்சி

கிழக்கிலங்கையின் அம்பாறைக் கரையோரத்தில் வயது போனவர்களைப் பராமரிக்கும் பொறுப்பு நெடுங்காலமாக மகள்மார் வீடுகளிலேயே இருந்துவந்தது. வைத்தியசாலையும் தாதியர் சேவையும் பிந்தி வந்தவை; பிரித்தானிய ஆட்சியில் வகுக்கப்பட்ட ஒழுங்குகளோடு வந்தவை. நோயாளியின் மொழி, மார்க்கம், உணவு, குடும்ப முறை ஆகியவற்றை அறிந்து பணிவிடை செய்வது தாதியியலில் தனித் துறையாக வளர்ந்தது 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வரையான ஊர்களில் வீட்டு மரபும் விடுதி மரபும் எங்கே பொருந்தின, எங்கே மோதின என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்ட அம்பாறை மாவட்டத்தில், 2012 குடிசன மதிப்பீட்டின்படி முஸ்லிம்கள் ஏறத்தாழ 43 சதவீதம், சிங்களவர் 39 சதவீதம், தமிழர் 17 சதவீதம். கரையோர முஸ்லிம் ஊர்களுக்கு இடையிடையே காரைதீவு, ஆலையடிவேம்பு, திருக்கோவில் போன்ற தமிழ் ஊர்கள் உள்ளன. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தோடு உள்நாட்டுப் பகுதியில் சிங்களக் குடியேற்றங்கள் பெருகின. ஆகவே இப்பகுதி விடுதி ஒன்றில் ஒரு கட்டிலருகே யாசீன் ஓதப்படுவதும், அடுத்த கட்டிலில் திருநீறு பூசப்படுவதும், அதற்கடுத்ததில் பிரித் நூல் கட்டிய கை தெரிவதும் புதுமையல்ல.

இக்கரையோர முஸ்லிம்களும் தமிழர்களும் மார்க்கத்தால் வேறுபட்டாலும் தாய்வழிக் குடி முறையில் ஒத்தவர்கள். 1969 முதல் அக்கரைப்பற்றில் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். குடி தாய்வழியே வரும். வீடும் வளவும் சீதனமாகப் பெண்ணுக்குப் போகும். மணமான ஆண் மனைவி வீட்டில் போய் வாழ்வான். மகள்மாருக்கு ஒவ்வொரு வீடாகக் கட்டிக் கொடுத்துவிட்டு, முதுமையில் பெற்றோர் அவர்களில் ஒருத்தியின் வளவிலோ பக்கத்திலோ ஒதுங்குவார்கள். முதியோர் பராமரிப்பைப் பொறுத்தவரை இதன் விளைவு பெரிது. இந்தியத் துணைக்கண்டத்தின் பல பகுதிகளில் வயதான தாயைப் பார்ப்பது மருமகளின் கடமை. இங்கே அது பெற்ற மகளின் கடமை. உம்மாவைக் குளிப்பாட்டுவதும் உடை மாற்றுவதும் மகள் கையால் நடப்பதால், அந்நியர் உடலைத் தொடும் கூச்சம் அந்த வீட்டில் எழவே இல்லை. விடுதியில் முதியவர் ஒருவர் மருமகன் உதவியை மறுத்து மகளுக்காகக் காத்திருந்தால் அதைப் பிடிவாதம் என்று எழுதிவைப்பது பிழை. அது குடி முறையிலிருந்து வரும் எதிர்பார்ப்பு.

வீட்டுக்கு வெளியே பரிசாரியார் இருந்தார். முஸ்லிம் ஊர்களில் யூனானி மருந்தும் தமிழ் ஊர்களில் சித்த மருந்தும் வழங்கின. ஒன்றின் எண்ணெயும் கஷாயமும் மற்றதன் வீடுகளுக்குள் போவதும் சாதாரணம். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் ஆயுர்வேதம், சித்தம், யூனானி மூன்றையும் ஏற்றுக்கொண்டது. பரிசாரியாருக்கு நோயாளியின் குடும்பமும் சாப்பாடும் நோன்பும் முன்பே தெரியும். அரச வைத்தியசாலைக்கு அவற்றைத் தெரிந்துகொள்ள ஒரு வழி வேண்டியிருந்தது. பல தசாப்தங்களாக அந்த வழி அமைக்கப்படவில்லை.

மேலை மருத்துவத்தை மக்களின் மொழிக்கும் வழக்கத்துக்கும் இசைய வைக்க வேண்டும் என்ற எண்ணம் இலங்கைக்குப் புதியதல்ல. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் தமிழ் இளைஞருக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்றியல், இரண வைத்தியம் முதலிய நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். மாணவர்கள் தங்கள் உடையையும் வாழ்முறையையும் கைவிடக்கூடாது என்று விரும்பினார். அந்த வழி அவருக்குப் பின் தொடரவில்லை. தாதியர் கல்வி கொழும்பை மையமாகக் கொண்டு ஆங்கிலேய முறையில் வளர்ந்தது. சீருடை, விடுதி ஒழுங்கு, பார்வையாளர் நேரம் எல்லாம் அங்கிருந்தே வந்தன. 1956இல் சிங்களம் தனி அரச கரும மொழியானது. 1987இல் 13ஆவது திருத்தத்தின் மூலமே தமிழும் அரச கரும மொழி என்ற நிலையைப் பெற்றது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் முதுமை எய்திய ஒரு தலைமுறை, தன் நோவைச் சொல்லும் மொழிக்கு அரச கரும மொழி என்ற நிலை இல்லாமலே வாழ்ந்து தீர்ந்தது. இது சிறிய இழப்பன்று. நோவு எரிகிறதா, குத்துகிறதா, இழுக்கிறதா என்று முதியவர் சொல்வதைக் கேட்டுத்தான் நோயே கணிக்கப்படுகிறது.

உலக அளவில் இக்குறையைக் கோட்பாடாக்கியவர் அமெரிக்கத் தாதியான மடலின் லெயினிங்கர் (1925–2012). 1950களில் உளநலம் குன்றிய சிறுவர்களைப் பராமரித்தபோது, வெவ்வேறு பண்பாட்டுக் குழந்தைகள் ஒரே பணிவிடையை வெவ்வேறாக ஏற்பதை அவர் கண்டார். பின்னர் பப்புவா நியூகினியின் கட்சுப் மக்களிடையே தங்கி மானிடவியல் ஆய்வு செய்தார். பண்பாடு கடந்த தாதியியல் என்ற துறை அவரால் உருவானது. அதற்கான சங்கம் 1974இல் தோன்றியது. நியூசிலாந்தின் மாவோரித் தாதி இரிஹாபெட்டி ராம்ஸ்டன் 1980களின் இறுதியில் இன்னும் ஒரு படி சென்றார். நோயாளியின் வழக்கங்களைப் பட்டியலாக மனனம் செய்வது போதாது. தாதி தன் அதிகாரத்தையும் முற்சாய்வையும் முதலில் உணர வேண்டும். பணிவிடை பாதுகாப்பாக இருந்ததா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நோயாளியே என்றார் அவர். 1992இல் அந்நாட்டுத் தாதியர் பேரவை இதைப் பயிற்சியின் கட்டாயப் பகுதியாக்கியது.

தாதி நோயாளியின் வழக்கத்தை மூன்று விதமாகக் கையாளலாம் என்றார் லெயினிங்கர்: அப்படியே பேணுதல், பேசி இசைவித்தல், மாற்றியமைத்தல். இக்கரையோரத்து முதியவர்களை வைத்துப் பார்த்தால் அதன் பயன் துலங்கும். பேண வேண்டியவற்றில் முதலாவது தொழுகை. கட்டிலில் கிடக்கும் முதியவர் தொழுகைக்கு முன் கழுவிச் சுத்தமாகும் வுழூவைச் செய்ய ஒரு கிண்ணம் தண்ணீர் போதும். தண்ணீர் ஆகாதவருக்கு மண்ணைக் கொண்டு சுத்தமாகும் தயம்மும் இருக்கிறது. நிற்க இயலாதவர் இருந்தும், அதுவும் இயலாதவர் படுத்தபடி சைகையாலும் தொழ மார்க்கம் இடம் தருகிறது. கிப்லாத் திசையை விடுதிச் சுவரில் குறித்துவைக்கச் செலவே இல்லை. சிறுநீர்க் குழாய் பொருத்தியதால் தன் தொழுகை பாழாகிவிட்டது என்று கலங்கும் மூத்தம்மாவுக்கு, நோயாளிக்குரிய சலுகையை ஒரு மௌலவி மூலம் விளக்கச் செய்வதும் பணிவிடையில் சேரும்.

பேசி இசைவிக்க வேண்டியது ரமழான் நோன்பு. 2001இல் 13 நாடுகளில் நடந்த எபிடயர் ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவுள்ள முஸ்லிம்களில் 79 சதவீதமானோர் ரமழானில் குறைந்தது 15 நாள் நோன்பு பிடித்தது தெரியவந்தது. ‘பிடிக்க வேண்டாம்’ என்ற ஒற்றைச் சொல்லால் இந்த உறுதியை அசைக்க முடியாது. அப்படிச் சொன்னால் முதியவர் நோன்பை விடமாட்டார். நோன்பு பிடிப்பதைச் சொல்லாமல் விடுவார். சர்வதேச நீரிழிவுச் சம்மேளனமும் நீரிழிவும் ரமழானும் பற்றிய ‘டார்’ கூட்டமைப்பும் வெளியிட்ட வழிகாட்டல், ரமழானுக்கு 6 முதல் 8 வாரம் முன்பே நோயாளியைப் பார்த்து ஆபத்தைக் கணிக்கச் சொல்கிறது. குருதிச் சீனி டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ நோன்பை உடனே முறிக்க வேண்டும். விரல் நுனியில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்று தெரியாமல் பல முதியவர்கள் சோதனையைத் தவிர்ப்பதுண்டு. தீராத நோயாளி, ஏழைக்கு உணவளிக்கும் ஈடான பித்யாவைக் கொடுத்து நோன்பிலிருந்து நீங்க மார்க்கம் வழி வைத்திருக்கிறது. இதே கவனம் கந்த சஷ்டி விரதமிருக்கும் தமிழ் ஆச்சிக்கும் உரியது.

மாற்றியமைக்க வேண்டியவையும் உண்டு. உணர்விழந்த நீரிழிவுப் பாதத்தில் சூடாக்கிய எண்ணெய் தடவுவதும் கொதிநீர் ஒத்தடம் கொடுப்பதும் புண்ணில் முடியும். அங்கே தாதி விட்டுக்கொடுக்கக்கூடாது. ஆனால் எண்ணெயைக் குற்றம் சொல்லாமல் சூட்டை மட்டும் விலக்கச் சொல்பவருடைய பேச்சே வீட்டில் எடுபடும்.

2000க்குப் பின் முதியோர் பற்றிய அரசின் பார்வை மாறியது. நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 1981இல் 6.6 சதவீதம், 2012இல் 12 சதவீதத்தைத் தாண்டினர். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் முதியோருக்கான தேசிய சபையை அமைத்தது. பிள்ளைகள் பெற்றோரைப் புறக்கணித்தால் பராமரிப்புக் கோர வழி செய்தது. ஆனால் சட்டம் நம்பியிருந்த வீடே ஆட்டம் கண்டிருந்தது. 1980கள் முதல் இவ்வூர்ப் பெண்கள் பலர் மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிக்குப் போனார்கள். பராமரிக்க வேண்டிய மகளே கடல் கடந்திருந்தாள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இம்மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சீதன வீடுகள் வரிசையாக அழிந்தன. புதிய வீடுகளின் உரிமைப் பத்திரம் குடும்பத் தலைவர் என்ற பெயரில் கணவன்மாருக்கு எழுதப்பட்டபோது, மகள் வீடு என்ற முதுமைக் காப்பும் நலிந்தது.

மிக ஆழமான காயம் கொவிட் காலத்தில் நேர்ந்தது. 2020 மார்ச் 24இல் வெளிவந்த உலக சுகாதார நிறுவன வழிகாட்டல் அடக்கம் செய்வதையும் அனுமதித்திருந்தும், ஏப்ரல் 11 வர்த்தமானி தொற்றால் இறந்தோரை எரிப்பதைக் கட்டாயமாக்கியது. குளிப்பாட்டிக் கஃபனிட்டுத் தொழுவித்து மண்ணில் அடக்குவது முஸ்லிம் ஒருவருக்குச் சமூகம் செய்யும் கடைசிக் கடமை. வைத்தியசாலையில் மௌத்தானால் எரித்துவிடுவார்கள் என்ற அச்சம் மூச்சு முட்டும் நிலையிலும் முதியவர்களை வீட்டோடு கட்டிப்போட்டது. 2021 பெப்ரவரி 25இல் அந்த விதி மாற்றப்பட்டது. மார்ச் முதல் ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. கட்டாய எரிப்புக்கு மன்னிப்புக் கோர அமைச்சரவை 2024 ஜூலையில் தீர்மானித்தது. இறப்புச் சடங்கை மதிக்காத இடத்தில் நோயாளியின் நம்பிக்கை நிலைக்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இன்று கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் ஒரே நகரில் இயங்குகின்றன. முன்னதை முஸ்லிம்களும் பின்னதைத் தமிழர்களும் கூடுதலாக நாடுகின்றனர். சமூகத்துக்கொரு வைத்தியசாலை இருந்தால் பண்பாடறிந்த பராமரிப்பு தானாக அமைந்துவிடும் என்று கொள்வது தவறு. ஒரே மார்க்கத்தைச் சேர்ந்த தாதியும் திரையிடாமல் முதியவளின் உடையை விலக்கலாம். வேறு மார்க்கத்தவரும் அனுமதி கேட்டுத் தொடலாம். வேண்டியது பயிற்சி. கிழக்கின் தாதியர் கல்லூரிகளும் பல்கலைக்கழகத் தாதியியல் துறையும் குடி முறை, நோன்புக்கால மருந்து, கூச்சம் பேணல், இறுதி நேரப் பணிவிடை ஆகியவற்றை இவ்வூர் முதியவர்களிடமிருந்தே கேட்டுத் தொகுத்துப் பாடமாக்க வேண்டும். அனுமதிப் படிவத்தில் தொழுகை, நோன்பு அல்லது விரதம், உணவு, உடன் நிற்கும் உறவினர், இறுதி விருப்பம் என்ற ஐந்து கேள்விகளைச் சேர்ப்பது அதற்கு முன்பே செய்யக்கூடிய வேலை.