மலைநாட்டுத் தேயிலையும் வெப்பத்தின் வழிகளும்

1867ஆம் ஆண்டிலே, கண்டிக்குத் தெற்கே லூல்கந்துரைத் தோட்டத்தில், ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்து தேசத்தவர் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். ஆலை என்று சொல்லத்தக்கது எதுவும் அப்போது அவரிடம் இருக்கவில்லை. தாம் வாழ்ந்த பங்களாவின் விறாந்தையிலேயே கொழுந்தை மேசைமீது இட்டுக் கையால் உருட்டுவித்தார். களிமண் அடுப்பிற் கரி நெருப்பை மூட்டி, அதன்மேற் கம்பித் தட்டுக்களில் இலையைப் பரப்பி உலர்த்தினார். இலங்கைத் தேயிலையின் தோற்றத்தை எடுத்துரைப்போர் இக்காட்சியில் இலையை உருட்டிய கைகளையே பெரிதும் போற்றுவர். ஆயினும் அத்தொழிலின் உயிர்நிலை அடுப்பிலேயே இருந்தது எனலே பொருத்தமாகும்.

அதற்கு முன்னர் மலைநாட்டை ஆண்ட பயிர் கோப்பி. கோப்பிக் கொட்டையைத் திறந்த முற்றத்தில் வெயிலிற் காயவைக்கலாம். முகில் மூடினால் மறுநாள்வரை பொறுத்திருக்கலாம். 1869ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்துத் தேயிலைக்கு இடம் கொடுத்தபோது, வெயிலை நம்பும் அவ்வழக்கமும் உடன் அழிந்தது. உருட்டிய கொழுந்து வெயிலுக்குக் காத்திராது. உரிய வேளையிற் சூடு பிடிக்காவிடின் அது புளித்துக் கெடும். மூடுபனியும் மழையும் மாறிமாறி ஆளும் ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளில் அச்சூட்டை மனிதனே ஆக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

எவ்வளவு சூடு? பச்சைக் கொழுந்தில் முக்காற் பங்கிற்கு மேல் நீரே. ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலை கிடைக்கிறது. எஞ்சிய மூன்றரைக் கிலோவும் ஆவியாகிப் போகும் நீர். ஒரு கிலோ நீரை 20 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொதிக்கவைக்க 80 கிலோ கலோரி போதும். கொதித்த அந்நீர் முழுவதையும் ஆவியாக்க ஏறத்தாழ 540 கிலோ கலோரி வேண்டும். வெப்பமானியிற் சிறிதும் தோன்றாது நீருக்குள் மறைந்து செல்லும் இவ்வெப்பத்தை 18ஆம் நூற்றாண்டிற் கண்டு கூறிய யோசேப்பு பிளாக்கும் ஒரு ஸ்கொத்லாந்துப் பேராசிரியரே. மலைநாட்டுக் காடுகள் விறகாகித் தேயிலை ஆலைகளுக்குள் நுழைந்தமைக்கு இம்மறைவெப்பமும் ஒரு காரணம்.

கரியடுப்பிற் குறைகள் பல. நெருப்பின் கதிர் வெப்பம் அடியிலுள்ள இலையை நேரே தாக்கும். சுட்ட கம்பியும் தன்னைத் தொட்ட இலையைக் கருக்கும். மேலுள்ள இலையோ ஈரமாகவே கிடக்கும். ஆள் நின்று ஓயாது புரட்ட வேண்டும். இதற்குத் தீர்வு கண்டவர், அசாமை அடுத்த கச்சார்ப் பகுதியில் தேயிலைத் தோட்டம் நடாத்திய சாமுவேல் டேவிட்சன் என்பார். அவர் 1877ஆம் ஆண்டில் உலர்த்தும் பொறி ஒன்றை ஆக்கி, அதற்குச் 'சிறொக்கோ' எனப் பெயரிட்டார். சகாராப் பாலையிலிருந்து மத்தியதரைக் கடலைத் தாண்டி வீசும் அனற்காற்றின் பெயர் அது. பெயரிலேயே பொறியின் தத்துவம் அடங்கியுள்ளது. நெருப்பு இலையைக் காண்பதில்லை. அது காற்றைச் சூடாக்குகிறது. சூடேறிய காற்று இலேசாகி மேலெழுந்து, தட்டுக்களினூடே புகுந்து, ஈரத்தை ஏந்திக்கொண்டு வெளியேறுகிறது. பௌதிக நூலார் மேற்காவுகை என்று கூறுவது இதுவே. பின்னர் விசிறிகள் பொருத்தப்பட்டபோது, காற்றுத் தானாக எழும்வரை காத்திருக்கும் தேவையும் நீங்கியது. 1881ஆம் ஆண்டில் டேவிட்சன் தமது ஊராகிய பெல்பாஸ்ற்றில் நிறுவிய தொழிற்சாலையின் பொறிகள் இலங்கை மலைகளுக்கும் வந்து சேர்ந்தன. 1884இல் ஹற்றனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டிய இரயில் பாதை இத்தகைய பாரங்களை ஏற்றிவரப் பெரிதும் உதவியது.

உயர்ந்த மாடிகளும் வரிசை வரிசையான சன்னல்களும் கொண்ட பழைய தேயிலை ஆலையை, இவ்வெப்பக் கணக்கின்படி எழுந்த கட்டடம் என்றே கொள்ளவேண்டும். மேல்மாடிகளிற் கொழுந்து பல மணிநேரம் வாடும். வெளிக்காற்று உலர்ந்திருந்தாற் சன்னலைத் திறப்பர். மழைக்காலமாயின் கீழே உலர்த்தும் பொறியின் வெப்பக் காற்றை மேலே செலுத்துவர். அடுப்பில்லாது காற்றினாலேயே நீங்கும் ஒவ்வொரு படி நீரும் விறகிற் சேமிப்பாகும். இலை புளிக்கும் அறையை மட்டும் குளிர்மையாக வைப்பர். தொழிலாளர் இவ்வாலையின் சுழலும் பொறிகளுக்கு 'ரோதமுனி' என்றொரு தெய்வத்தைக் காவல் வைத்து வழிபட்டனர். சக்கரத்தையும் கனலையும் அண்டி வாழ்ந்தோரின் அச்சத்தை அவ்வழிபாடு காட்டுகிறது.

கொழுந்துக்கு இத்துணை நுட்பமாக வெப்பம் வகுத்துக் கொடுத்த தோட்டம், கொழுந்து பறித்தவருக்கு என்ன செய்தது? திருச்சி, மதுரை, சேலம், இராமநாதபுரம் முதலிய வெம்மை மிக்க நாடுகளிலிருந்து வந்த மக்களுக்கு 10 அடிக்கு 12 அடி என்ற அளவிலான லயக்காம்பராக்களே கிடைத்தன. அவற்றிற் பல ஒன்றின் முதுகோடு ஒன்று ஒட்டியவை. பின்சுவரிற் சன்னல் வைக்கவும் வழியில்லை. புகைபோக்கி இல்லாத அடுப்பு உள்ளேயே எரிந்தது. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். ஆதலாற் பருப்பும் அரிசியும் வேக நேரம் மிகும், விறகும் மிகும், புகையும் மிகும். கூரையோ தகரம். பகலில் வெயிலைச் சுவறி அறைக்குள் இறக்கும் அதே தகரம், இரவில் தன் வெப்பத்தை வானுக்கு வீசிவிட்டு, அறையிலுள்ளோரின் மூச்சின் ஈரத்தையே துளிகளாக்கி அவர்கள்மேற் சொட்டச் செய்யும். சிறொக்கோவின் தத்துவம் அறிந்தவர்களுக்கு ஒரு புகைபோக்கியின் தத்துவம் தெரியாதிருக்க நியாயமில்லை.

அம்மக்களுக்கு மிஞ்சிய காப்பு கம்பளி. கம்பளி சூடு தரும் என்பது பொதுவழக்கு. உண்மையில் அது எச்சூட்டையும் தருவதில்லை. மயிரிழைகளுக்கிடையே அசையாது நிற்கும் காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாமையால், உடம்பின் சூடு உடம்பிலேயே நிற்கிறது. சூட்டை ஈட்டுபவர் தொழிலாளியே. அக்கம்பளியின் விலையும் கடனாக எழுதப்பட்டு அவர் கூலியிலேயே கழிக்கப்பட்டது.

தை, மாசி மாதங்களில் முகிலற்ற இரவுகளின் பின் நுவரெலியாவில் உறைபனி காணப்படும். தேயிலைச் செடிகள் நெருப்பிற் பட்டனபோலக் கருகி நிற்கும். 'பனி விழுந்து கருகியது' என்பர். உறைபனி மேலிருந்து விழுவதன்று. நிலமும் இலையும் தம் வெப்பத்தைத் தெளிந்த வானத்தை நோக்கிக் கதிராக வீசி, சூழ்ந்த காற்றிலும் குளிர்ந்துவிடுவதால், காற்றின் ஈரம் அவற்றின்மீதே படிந்து உறைகிறது. பனித்துளி பற்றி வில்லியம் சார்ள்ஸ் வெல்ஸ் 1814ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இதனைப் பரிசோதனைகளால் நிறுவியது. குளிர்ந்த காற்றுப் பாரமானது. அது சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஆதலின் மேட்டுச் செடி பிழைக்கப் பள்ளத்துச் செடி கருகும். முகில் ஒன்று வந்து மூடினால், அதுவே மலைக்குக் கம்பளியாகும்.

நுவரெலியாவை அடுத்த கந்தப்பளையில் ஹெதர்செற் தோட்டத்தின் பழைய ஆலை 1996ஆம் ஆண்டு முதல் விடுதியாக விளங்குகிறது. கொழுந்து வாடிய மேல்மாடிகள் இப்போது உல்லாசப் பயணிகள் உறங்கும் அறைகள். சன்னல்கள் பழையபடியே வரிசையாக நிற்கின்றன. மலைநாட்டின் பல தோட்டங்களிற் கொழுந்து பறிப்போர் இன்றும் லயங்களிலேயே உறங்குகின்றனர்.