கரண்டுக்கு முன்னே கூடிய ஆயுள்



மின்சாரமும் எரிபொருளும் பெருகினால்தான் ஆயுள் கூடும், பிள்ளைப்பேறு குறையும் என்பார்கள். நம் நாட்டு வரலாறு வேறு.

1946இல் ஆயிரம் பேருக்கு 20 ஆக இருந்த வருட இறப்பு, 1947இல் 14 ஆனது. லக்சபான மின்சாரம் வந்ததோ 1950இல்தான். அன்று மாத்தளைக் கிராமங்களில் நமக்கு விறகடுப்பும் குப்பி விளக்கும்தான்.

மலேரியாவை அடக்கிய டிடிடி, இலவச ஆஸ்பத்திரி, வீடு தேடி வந்த மிட்வைப், 1945இன் இலவசக் கல்வி. அல்லாஹ்வின் அருளால் இவைதான் உயிர் காத்தன. பெண்பிள்ளைகள் படித்தார்கள், கலியாண வயது கூடியது; குடும்பத்துக்கு ஐந்தாக இருந்த பிள்ளைகள் இரண்டானார்கள்.

இன்றும் அமெரிக்கர் ஒருவர் செலவிடும் சக்தியில் பத்திலொரு பங்குகூட நாம் செலவிடுவதில்லை. ஆயுளோ கிட்டத்தட்ட சமம்.

கரண்ட் பில் கூடும்போது எதைக் குறைத்தாலும், மகளின் படிப்பையும் கர்ப்பிணியின் கிளினிக்கையும் குறைக்க வேண்டாம்.