சம்பள பாக்கியில் பிறந்த குதிரைப்படை

செங்கல்பட்டுக் கோட்டையை ஊடறுத்துக்கொண்டு ரயில் ஓடுகிறது. கொளவாய் ஏரி கண்ணில் பட்டதும் இறங்கத் தயாராகிறவர்களில் பலருக்கு, வண்டி ஒரு கோட்டைக்குள் போய்க்கொண்டிருப்பதே தெரியாது. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் விஜயநகரத்தார் கட்டியது. ஏரித் தண்ணீரே அதற்குப் பெரிய காவல். இந்திய ராணுவத்தின் மிகப் பழைய கவசப் படைப்பிரிவான 16ஆவது லைட் கேவல்ரி ஏன் பிறந்தது என்று கேட்டால், பதிலில் பாதி இந்தக் கோட்டையைச் சுற்றித்தான் கிடக்கிறது.

1749இல் ஆம்பூரில் நவாப் அன்வருதீன் கொல்லப்பட்டதும் ஆற்காட்டு நவாப் பதவிக்கு அவர் மகன் முகமது அலி ஒரு பக்கம், சந்தா சாகிப் மறுபக்கம் என்று நாடு இரண்டாகப் பிளந்தது. ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த போர் என்று பாடப் புத்தகம் சொல்கிறது. என் பார்வையில் அது முதலில் உள்நாட்டுப் போர். சாகுபடி அழிந்ததும் மாடு பறிபோனதும் நம் ஊர்களில். கோவளத்துக் கோட்டையையும் செங்கல்பட்டையும் 1752இல் கிளைவ் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்தார். 1754 ஜனவரியில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, டச்சுக்காரர் வசமிருந்த சதுரங்கப்பட்டினத்தில் இரு தரப்பும் உட்கார்ந்து பேசிப் பார்த்தார்கள். நவாப் முகமது அலியா வேறு ஆளா என்பதிலேயே பேச்சு முறிந்தது.

இந்தச் சண்டைகளில் குதிரை வீரரை யாரும் கட்டாயப்படுத்திப் பிடித்து வரவில்லை. அவரே வந்தார், பெரும்பாலும் சொந்தக் குதிரையோடு. சிலேதார் என்று பெயர். கொள்ளு, லாடம், சேணம், குதிரைக்காரன் எல்லாம் அவர் செலவு; மாதச் சம்பளம் வந்தால்தான் கட்டுப்படியாகும். குதிரை செத்தால் முதல் போனது, பிழைப்பும் போனது. பீரங்கிக்கு நேரே பாயத் தயங்கினாரென்றால் அதைக் கோழைத்தனம் என்று ஒரே சொல்லில் முடிப்பது அநியாயம்.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது செங்கல்பட்டைப் பிடிக்காமல் முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டார். அதற்குரிய விலையையும் கொடுத்தார். கோட்டையிலிருந்த கேப்டன் பிரஸ்டனும், மருதநாயகம் என்று நாம் அறிந்த யூசுப் கானும் பிரெஞ்சுக்காரருக்கு வரும் உணவையும் வண்டிமாட்டையும் மறித்தபடியே இருந்தார்கள். பிப்ரவரி 9ஆம் தேதி பரங்கிமலையில் பெரிய சண்டை. ஆங்கிலக் கப்பல்கள் வந்து சேர, அந்த மாதமே லாலி முற்றுகையைக் கைவிட்டார். அதற்குள் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினி ஒன்றைக் கண்டுகொண்டிருக்க வேண்டும்: சிப்பாய்கள் தன் சிப்பாய்கள், குதிரைகளோ இரவல் குதிரைகள். கண்டுகொண்டும் இருபது வருடம் சும்மா இருந்தது. குதிரைப்படைக்கு ஆகும் செலவு அப்படி.

அந்தச் செலவை நவாப் முகமது அலி தலையில் ஏற்றிக்கொண்டார். 1776ஐத் தன் பிறந்த ஆண்டாகக் கொண்டாடும் 16ஆவது லைட் கேவல்ரி, முதலில் அவருடைய படைதான். அதிகாரிகள் மட்டும் கும்பினி ஆட்கள். பணம் எங்கிருந்து வரும்? செங்கல்பட்டுச் சீமையை 1763இல் கும்பினிக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்துவிட்டு, அதையே குத்தகைக்கு எடுத்து வரி வசூலித்தவர் நவாப். குடியானவன் கட்டிய கிஸ்தி வட்டிக்குப் போயிற்று. கடன் கொடுத்தவர்களில் பலர் கும்பினி உத்தியோகஸ்தர்களே. குதிரை வீரருக்கு மாதக்கணக்கில் பாக்கி.

1780 ஜூலையில் மைசூரின் ஹைதர் அலி மலையிறங்கினார். அவருடைய குதிரைகள் பரங்கிமலை வரை வந்து ஊர்களைக் கொளுத்தின. ஆகஸ்டில் கும்பினித் தளபதி ஹெக்டர் மன்றோ காஞ்சிபுரத்துக்குப் புறப்பட்டபோது உடன் போக வேண்டிய நவாப் குதிரைப்படை, பாக்கியைத் தீர்த்தால்தான் நகர்வோம் என்று நின்றுவிட்டது. மிகச் சிலரே கிளம்பினார்கள். மற்றவர்களின் ஆயுதங்களைப் பிடுங்கிச் சென்னைக்கு அனுப்பினார்கள். ஆக, மன்றோவிடம் வேவு பார்க்கவும் ஆள் இல்லை, சேதி கொண்டுபோகவும் ஆள் இல்லை. அவரோடு சேர வடக்கிலிருந்து வந்த பெய்லியின் படை, காஞ்சிக்குச் சில மைல் தூரத்தில் செப்டம்பர் 10ஆம் தேதி புள்ளலூரில் அழிந்தது. மன்றோ கனத்த பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்கு ஓடினார். வழி நெடுக ஹைதரின் குதிரைகள் பின்பக்கத்தைக் கடித்துக்கொண்டே வந்தன. மன்றோவின் படைக்கும், வீடு இழந்து வந்த ஜனங்களுக்கும் புகலிடமாக நின்றது ஏரிக்கரைக் கோட்டைதான்.

அதன் பிறகுதான் கும்பினிக்குப் புத்தி வந்தது. நவாபின் குதிரை ரெஜிமென்ட்களைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 1781 செப்டம்பரில் சோளிங்கரில் அவை ஹைதரை எதிர்த்து நின்றன. 1784இல் நான்கு ரெஜிமென்ட்களும் கும்பினிக்கே உரியவை ஆன சமயத்தில் பழைய பாக்கி மறுபடி தலைதூக்கியது. ஆரணியில் மூன்று ரெஜிமென்ட்கள் கலகத்தில் இறங்கின. சேராமல் நின்றது மூன்றாவது ரெஜிமென்ட் ஒன்றே. அதன் விசுவாசத்தைப் பட்டாள வரலாறுகள் புகழ்கின்றன. பசியோடு கலகம் செய்த மற்ற மூன்றின் பக்கமும் நியாயம் இருந்தது என்பதை நான் அழுத்திச் சொல்வேன். கேட்டது உழைத்த கூலியைத்தான்.

அந்த மூன்றாவது ரெஜிமென்ட் பிறகு எண் மாறி, பெயர் மாறி, 1903இல் 27ஆவது, பின்னர் 16ஆவது லைட் கேவல்ரி ஆனது. குதிரையை விட்டுக் கவச வண்டி ஏறி 1945இல் பர்மாவின் மெய்க்டிலாவில் போரிட்டது. 1965இல் பில்லோராவில் டாங்கிகளோடு நின்றது. அதன் போர்ப் பெருமைப் பட்டியலில் முதல் பெயர் இன்றும் சோளிங்கர்.