கொல்லையில் கிணறு வெட்ட ஒரு செப்பேடு

பெரம்பலூர், அரியலூர் பக்கம் வீட்டுக் கொல்லையை நாமே திருத்திக்கொள்வது இன்றைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. நாலு செங்கல்லைச் சாய்த்து நட்டுப் பாத்தி கட்டுறோம், உடைந்த தொட்டியில் அல்லி விடுறோம், மதில் ஓரம் ஒரு செண்பகம் வைக்கிறோம். யாரைக் கேட்கணும்? ஆனா ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், இன்றைய அரியலூர் மாவட்டத்தின் கங்கைகொண்ட சோழபுரம் தலைநகராக எழுந்த காலத்தில், இவையெல்லாம் அரசன் செம்பில் எழுதித் தரும் அளவுக்குப் பெரிய உரிமைகள்.

ஆனைமங்கலச் செப்பேட்டையே எடுத்துக்கொள்ளுங்க. லைடன் செப்பேடு என்றால் பலருக்கும் தெரியும். நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு முதலாம் ராஜராஜன் 1006 வாக்கில் கொடுத்த ஊரை, மகன் ராஜேந்திரன் செம்பில் பதித்து உறுதிசெய்தான். எல்லை, நிலம், வரி எல்லாம் சொன்ன பிறகு ஒரு பட்டியல் வருகிறது. சுட்ட செங்கல்லால் மாளிகை எடுக்கலாம். கிணறு தோண்டலாம். தென்னந்தோப்பு வைக்கலாம். தமனகம், மரு, இருவேலி, செண்பகம், செங்கழுநீர் நடலாம். மா, பலா, கமுகும் வைக்கலாம். நர்சரிக்காரர் கொடுக்கிற விலைப்பட்டியல் மாதிரிதான் இருக்கும். கூடவே, ஊரின் தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக்கூடாது என்றும் வருகிறது. பூச்செடிகளின் பெயர்களை ரசித்துக்கொண்டு வருகிறவர்களை இந்த வரி நிறுத்திவிடும். தோட்டம் போடுகிறவர் ஒருவர், மரத்தில் கால் வைக்கக்கூடாதவர் இன்னொருவர்.

கொங்கு நாட்டில் கிடைத்த ஒரு சோழர் கல்வெட்டு இதைவிட வெளிப்படையானது. கம்மாளர்கள் தங்கள் வீட்டுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்று அது அனுமதி கொடுக்கிறது. ஊருக்கெல்லாம் கட்டிக்கொடுத்தவர்கள் அவர்கள்!

அனுமதி தேவைப்படாத ஒருவன் தன் ஊரில் செய்ததையும் பார்க்கணும். கங்கைநீரைக் கொண்டுவந்த ராஜேந்திரன் சோழகங்கம் என்ற ஏரியை வெட்டினான். அதை நீரால் எழுப்பிய வெற்றித்தூணாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு வர்ணிக்கிறது. அதன் கரை 16 மைல் நீளம் என்று 19ஆம் நூற்றாண்டுக் குறிப்பொன்று சொல்கிறது. இன்று அது பொன்னேரி. அவனுடைய அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் 1980களில் தமிழகத் தொல்லியல் துறை தோண்டியபோது செங்கல் சுவர்கள், கூரை ஓடுகள், சீனப் பீங்கான் சில்லுகள் வெளிவந்தன.

கோயிலின் கருங்கல் மதிலுக்கு வேறு கதி. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, கம்பெனி ஆட்கள் அந்த மதிலைப் பிரித்து எடுத்துப்போனார்கள். ஊர்ஜனங்கள் தடுத்தார்கள், தண்டனைதான் கிடைத்தது. பதிலுக்குச் செங்கல் சுவர் கட்டித்தருவதாகச் சொன்ன வாக்கும் காப்பாற்றப்படவில்லை என்று 1855இல் ஒரு ஆங்கிலக் கெசட்டியரே எழுதி வைத்திருக்கிறது. சொந்தக் கொல்லையில் செங்கல் வைக்கவே அரசன் அனுமதித்த தேசத்தில், ஊரின் மதிலையே பெயர்த்துக்கொண்டு போக யாரும் யாரையும் கேட்கவில்லை.

இப்போது அந்தப் பக்கம் யாராவது வாழைக்குக் குழி வெட்டி, மண்ணுக்குள் பழைய காசுப் பானை ஒன்று தட்டுப்பட்டால்? 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, புதைந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்கணும். தொகை இன்னும் அதே பத்து ரூபாய்தான்.