மேலிருந்து கண்ட மண்

போர்க்கால வரலாறு பெரும்பாலும் படைத்தலைவர்களின் பெயரால் எழுதப்படுகிறது. மேசைமுன் அமர்ந்து நிழற்படங்களை இரவும் பகலும் உற்றுநோக்கியவர்களை உலகம் எளிதில் மறந்தது. அவர்தம் பணியைப் பேணுவதற்கென இங்கிலாந்தில் உருவான சிறு காட்சியகமே ‘மெட்மன்ஹம் தொகுப்பு’ ஆகும். பெட்ஃபோர்டுஷயரின் சிக்சாண்ட்ஸ் படைத்தளத்தில் அது இடம்பெற்றது.

1941 ஏப்ரலில் தேம்ஸ் ஆற்றங்கரை மாளிகை ஒன்றில் மெட்மன்ஹம் வான்படை நிலையம் அமைந்தது. வேவு வானூர்திகள் கொணர்ந்த படங்களுக்குப் பொருள் காண்பதே அங்குள்ளோர் தொழில். ஒரே நிலப்பகுதி இரண்டிலும் விழுமாறு அடுத்தடுத்து எடுத்த இரு படங்களை ஸ்டீரியோஸ்கோப் என்னும் இரட்டைக் கண்ணாடிக் கருவிவழி நோக்கினால், தட்டையான நிலம் மேடு பள்ளத்தோடு எழுந்து நிற்கும். நிழலின் நீளத்தை அளந்து கட்டடத்தின் உயரத்தைக் கணித்தனர். கான்ஸ்டன்ஸ் பேபிங்டன் ஸ்மித் என்னும் பெண்மணி, பீனமுண்டேயின் படமொன்றில் சிலுவை போன்ற சின்னஞ்சிறு உருவைக் கண்டு, அது செருமானியரின் பறக்கும் குண்டென 1943 இறுதியில் இனங்கண்டார்.

மலாயாவின் வானிலும் இக்கலை நிகழ்ந்தது. பிரிட்டிஷ் வான்படையின் 684 ஆம் அணி 1943 இல் வங்கத்தில் அமைந்தது. அதன் மஸ்கீட்டோ வானூர்திகளுக்கு உயரமும் விரைவுமே காப்பு. 1945 இல் கோக்கோஸ் தீவுகளிலிருந்து பெருங்கடலைக் கடந்து வந்து, ஜப்பானியர் வசமிருந்த இம்மண்ணைப் படம் பிடித்தன. மோரிப், போர்ட் டிக்சன் கரைகளில் படையிறக்கும் திட்டம் அப்போது உருவாகிக் கொண்டிருந்தது. (போர்ட் டிக்சனை அடுத்த தஞ்சோங் துவான் முனை இன்றும் மலாக்கா மாநிலத்துக்கே உரியது என்பதைச் சிம்பாங் அம்பாட் வட்டாரத்து மாணவர்கள் பலர் அறியார்.) ஜப்பான் பணிந்தபின், 1945 செப்டம்பர் 9 அன்று மோரிப்பில் படை இறங்கியது. எதிர்த்துச் சுட ஒருவருமில்லை. எனினும் வண்டிகள் சேற்றில் புதைந்தன. மேல்மணலுக்குக் கீழே கிடந்த சேறு எந்தப் படத்திலும் விழாதது.

படத்தில் விழாதது சேறு மட்டுமா? அதே அணியின் வானூர்திகள் சயாம்–பர்மா இரயில்பாதையையும் படம் பிடித்தன. 1943 அக்டோபரில் முடிவுற்ற, ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை அது. அதற்கென மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோர் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர். அவருள் பெரும்பான்மையோர் தோட்டத் தமிழர். லயங்களிலிருந்து ஆடவர் அள்ளிச் செல்லப்பட்ட கொடுமையை நம் முதியோர் சொல்லக் கேட்டவர் இன்றும் உளர். வானிலிருந்து நோக்கிய கண்ணுக்குப் பாலம் தெரிந்தது; தண்டவாளம் தெரிந்தது; அத்தாப்புக் கூரைகளும் தெரிந்திருக்கும். கூரையின்கீழ் வாந்திபேதியால் மாண்டவன் எந்தத் தோட்டத்தான் என்பதைச் சொல்ல எந்தக் கண்ணாடியால் இயலும்?

போருக்குப்பின், 1946 இல், 684 ஆம் அணி 81 ஆம் அணியெனப் பெயர் மாறியது. அவசரகாலத்தில் காட்டுக்குள் மறைந்திருந்த பயிர்நிலங்களையும் முகாம்களையும் அது தேடிற்று. 1954 ஏப்ரல் 1 அன்று அதன் ஸ்பிட்ஃபயர் ஒன்று ஜொகூர் காட்டின்மேல் பறந்ததே, பிரிட்டிஷ் வான்படையில் அவ்வகை வானூர்தி மேற்கொண்ட இறுதி வேவுப் பயணம். வானூர்தி ஆர்வலர்கள் அந்நாளைப் போற்றிக் குறித்து வைத்துள்ளனர்.

காஞ்சனாபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ ஏழாயிரம் போர்க்கைதிகள் துயில்கின்றனர். மிகப் பலர்க்குப் பெயர் பொறித்த கல் உண்டு. தோட்டத் தமிழர்க்கு அத்தகைய கல்வரிசை அமையவில்லை. அவர்தம் பெயர்கள், எஞ்சிய மட்டும், தோட்டத்துக் குடும்பங்களின் வாய்மொழியிலேயே உள்ளன. அவற்றைக் கேட்டு எழுதிவைக்கும் பணி பள்ளிகள்தோறும் இனித்தான் தொடங்க வேண்டும்.