கர்னலுக்கு முந்தைய வேலை
கர்னல் எழுத உட்காருகிறவள் முதலில் தொடுவது கர்னலை அல்ல. பைனூட்டில்ஸையும் பிறகு ஜிசிசியையும் மூலநிரலிலிருந்து, இன்னும் பிறக்காத இயங்குதளத்துக்காகக் கட்ட வேண்டும். கணினியில் ஏற்கெனவே உள்ள கம்பைலர் லினக்ஸை நம்பியே நிரல் தரும். அங்கே லினக்ஸ் கிடையாது. தாம்பரம் வாடகை வீட்டில், பாத்திரம் கழுவி முடித்த இரவுகளில் செய்தேன். "வெறும் இன்ஸ்டால்தானே" என்றார் உடன் வேலைபார்த்தவர். அரிசி களைவதையும் அப்படித்தான் சொல்வார்கள்.

1952இல் ஏ-0 கம்பைலரை உருவாக்கிய கிரேஸ் ஹாப்பரிடம், கணினி கணக்கு மட்டும்தான் போடும் என்றார்களாம்.

இரண்டு ஸ்டேஷன் தள்ளி, குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்து ஏயு-கேபிசி மையமும் சி-டாக் சென்னையும் சேர்ந்து நடத்த, 2005இல் என்ஆர்சிஃபாஸ் என்ற கட்டற்ற மென்பொருள் மையம் அமைந்தது. சி-டாக்கின் பாஸ் லினக்ஸ் டெபியன்மேல் எழுந்தது. அதைப் பதிப்பு எண்களால்தான் நினைவு வைத்திருக்கிறோம், பொதிகளைக் கட்டியவர்களால் அல்ல.

மூன்றாம் இரவு லிப்ஜிசிசி பிழையில்லாமல் முடிந்தது. நோட்டில் தேதி போட்டு, என் பெயரையும் எழுதினேன்.